பாசிக்குப் புளித்த பால்

தூறல் தொடங்கியதும் ஊரார் வீட்டுக்குள் புகுவர். ஸ்டெய்னுன் வாளியுடன் வெளியே கிளம்புவார். எரிமலைக் குழம்பு இறுகிய சரிவின் ஓரத்தில் காலணிகளைக் கழற்றிவிட்டு, முழங்கால்வரை ஏறிய கம்பளிக் காலுறைகளோடுதான் பாறையை மெத்தைபோல் மூடிய பாசியின்மேல் அடி வைப்பார். வாளியில், கடையில் விலைபோகாமல் புளித்த பால்; அதில் பிய்த்துப் போட்ட பாசித் துணுக்குகள். வண்டிச் சக்கரங்களும் வழிதவறிய கால்களும் கிழித்த இடங்களில், பாசி மறுபடி பற்றி வளரட்டும் என்று அந்தக் கூழைத் தடவுவார்.

பள்ளிப் பேருந்து ஓட்டுவது அவர் தொழில். பிள்ளைகள் பேருந்துக்குள் ஆட்டம் போட்டால் கண்டுகொள்ள மாட்டார். பாசியில் ஒரு காலணித் தடம் தென்பட்டாலோ, அன்று முழுவதும் ஹாரன் அலறும்.

"ஏம்மா, பாறைக்குள்ள குடியிருக்கிற பூதங்களுக்குக் காலைச் சாப்பாடு ஆச்சா?" என்று பக்கத்துப் பண்ணைத் தோரிர் சாலையிலிருந்து கத்துவார்.

"ஆச்சு. உன் ஆடு வந்து நக்காம பாத்துக்க!" என்பார் ஸ்டெய்னுன், நிமிராமலே.

சென்ற இலையுதிர்காலத்தில் வந்தது வினை. அவர் மகள் சால்வோரை மணக்க விரும்பிய எகில் என்னும் தலைநகர்க்காரன், அவள் பெயரைச் சரிவில் ஆளுயர எழுத்துகளில் பாசியைப் பிடுங்கிப் பிடுங்கி எழுதிவைத்தான். மகள் பூரித்துச் சம்மதித்தாள். சமையலறைச் சன்னல் வழியே பார்த்த தாயார், "அந்த எழுத்து மூடட்டும், அப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசலாம்" என்றார். இந்தத் துருவக் காற்றில் பாசி விரற்கடை வளர்வதற்குள் பேரப்பிள்ளைகளுக்கே நரைத்துவிடும்.

"அதுக்குள்ள நான் கிழவியாயிடுவேம்மா!"

"ஆயிக்கோ. பாசி உனக்காக அவசரப்படாது."

குளிர்காலம் முழுவதும் எகில் வந்தால் காபி கிடைத்தது, பேச்சுக் கிடைக்கவில்லை. ஸ்டெய்னுன் தம் பாட்டுக்குப் பின்னல் ஊசிகளோடு அமர்ந்திருப்பார்.

இந்த ஞாயிறன்று அவர் முதல் எழுத்தின் வளைவில் குந்தி, வெண்ணெய் தடவிய உலர்மீனைக் கடித்தபடி கூழ் தடவிக்கொண்டிருந்தார். சாலையில் எகில் வந்து நின்றான். கையில் வாளி, அதிலிருந்த பால் பாதி அவன் கால்சட்டையில்.

"ஸ்டெய்னுன், கடை கடையா அலைஞ்சு வாங்கிட்டு வந்தேங்க. நானும் வரலாமா?"

"புளிச்சிருக்கா?"

"நாத்தம் தாங்கல."

"அப்ப நல்ல பாலுதான்."

அவன் அவசரமாகக் காலணிகளைக் கழற்றினான். உள்ளே மெல்லிய பருத்திக் காலுறை; கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

"இந்தச் சல்லடையோடவா?"

ஸ்டெய்னுன் கையைத் துடைத்துக்கொண்டு, மேலங்கிப் பையிலிருந்து ஒரு கம்பளிச் சுருளை எடுத்து அவனை நோக்கி வீசினார். புதுக் காலுறைகள், எகிலின் நீண்ட பாதங்களுக்கு அளவெடுத்துப் பின்னியவை.