மாம்பலம் முதல் மாமல்லபுரம் வரை: உட்கார மறுத்த ஒரு டயர்

மாமல்லபுரத்துக்குச் சைக்கிளில் போவது எப்படி என்று தேடி இங்கே வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் பாதி சைதாப்பேட்டையிலேயே கழிந்துவிடும். தி. நகரிலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர் மிதித்ததைவிட, மாம்பலத்திலிருந்து ஒரே ஒரு ஸ்டேஷன் ரயிலில் போனதுதான் எங்களுக்குப் பெரிய பயணமாக அமைந்தது.

காரணம் என் தம்பி குமரன். தி. நகரில் அப்பா பாத்திரக்கடை வைத்திருக்கிறார்; இத்தனை வருடம் ஆகியும் தெற்கத்திப் பேச்சு மாறாதவர். கடையைப் பார்க்காமல் ஓசூரில் வேலைக்குப் போகிறேன் என்று அவன் சொன்னதிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. சாப்பிடக் கூப்பிடுவதுகூட அம்மா வழியாகத்தான். திங்கட்கிழமை அவன் கிளம்புகிறான். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியுமாக மாமல்லபுரம் போய்வருவது என்று முடிவு செய்தோம். வருடக்கணக்கில் பேசிப் பேசியே தள்ளிப்போட்ட பயணம். இதை விட்டால் அடுத்து எப்போது என்று எங்களுக்கே தெரியாது.

சனிக்கிழமை காலை கடைக்குப் போனேன். குமரனின் சைக்கிள் பின்சக்கரம் பஞ்சராகி, டயரும் டியூபும் கழற்றின கோலத்தில், மாதக்கணக்கில் கடைப் பரணில் கிடந்தது. புது டியூப் போட்டு டயரை மாட்டிக் காற்றடித்தான். சுற்றிவிட்டால் சக்கரம் குதித்தது. உற்றுப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று ஓடும். டயர் சரியாக உட்கார்ந்திருந்தால் அந்தக் கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரியும். இங்கே வால்வுப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு ரிம்முக்குள் முங்கிக் கிடந்தது. காற்றை இறக்கி, அமுக்கிவிட்டு மறுபடி அடித்தோம். அதே இடத்தில் அதே பள்ளம். கல்லாவில் இருந்தபடியே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

குமரனுக்குத் தெரிந்த சைக்கிள் கடை சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கம் இருக்கிறது. சக்கரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு மாம்பலத்தில் ரயிலேறினோம். டிக்கெட் ஐந்து ரூபாய். எதிர் சீட்டில் இருந்த பூக்கார அம்மா மீதி சைக்கிள் எங்கே என்று விசாரித்தார். குமரன் சிரிக்கக்கூட இல்லை.

கடைக்காரர் முனுசாமி சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“இன்னாக்கா, டயரு ஒக்காரவே இல்லியே.”

வாளியில் இருந்த சோப்புத் தண்ணீரைத் துணியில் தொட்டு, டயரின் இரண்டு ஓரத்திலும் தடவினார். வழுவழுப்பு இருந்தால் ரப்பர் தானாக நழுவி ரிம்மின் விளிம்புக்கு ஏறிவிடுமாம். பிறகு கெட்டியாகக் காற்றடித்தார். மற்ற எல்லா இடமும் சீரானது. வால்வுப் பக்கம் மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. அப்போது லேசாகச் சந்தன வாசனை வந்தது. பரவாயில்லையே, சைக்கிள் கடையில் சந்தன சோப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

டயர் பரணில் மடங்கிக் கிடந்து கோணிவிட்டது, வேறுதான் போட வேண்டும், அந்த அளவு திங்கட்கிழமைதான் வரும் என்றார் அவர். குமரன் முகம் தொங்கிப்போனது. கிளம்பலாம் என்றான்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கோளாறு டயரில்தான் என்றால், டயரைத் திருப்பி மாட்டினால் பள்ளமும் கூடவே போக வேண்டுமே? பள்ளம் இருந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, டயரைக் கழற்றி அரைச்சுற்று தள்ளி மாட்டித் தரச் சொன்னேன். உனக்கு வேற வேலை இல்லையா என்பதுபோல் பார்த்தாலும் செய்தார். சாக்பீஸ் கோடு எதிர்ப்பக்கம் போய்விட்டது. பள்ளம் வால்வுப் பக்கமே இருந்தது. ஆக, குற்றவாளி ரிம்.

மறுபடி கழற்றச் சொல்லி, ரிம்மின் உள்விளிம்பில் விரலை ஓட்டினேன். வால்வு ஓட்டைக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, பொருக்குத் தட்டிய மேடுகள். துரு என்றார் முனுசாமி. முகர்ந்து பார்த்தேன். சந்தனம். நடுவில் குங்குமச் சிவப்பு. வாளியைப் பார்த்தால் அதில் கிடந்தது சாதாரண நீலத் துணிசோப்பு.

ஆயுத பூஜைக்கு எங்கள் கடையில் அப்பாதான் பொட்டு வைப்பார். தராசு, கல்லாப்பெட்டி, பில் மெஷின், முக்காலி, ஒன்றையும் விடமாட்டார். கட்டைவிரலால் அப்பும் கெட்டிச் சந்தனம். போன பூஜையன்று குமரன் கோபித்துக்கொண்டு நண்பன் வீட்டில் இருந்தான். அவனுடைய டயரில்லாத சக்கரம் பரணில் கிடந்தது. முட்டிவலியோடு ஏணி போட்டு ஏறித்தான் அப்பா வைத்திருக்க வேண்டும். காய்ந்து இறுகிய அந்தப் பொட்டுகள்தான் டயரை மேலே ஏறவிடாமல் தடுத்திருக்கின்றன.

குமரன் அந்த ரிம்மையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னைக் கைகழுவிட்டார்னு நெனச்சேன்க்கா.”

முனுசாமி வாளியை அவன் பக்கம் நகர்த்தி, “தொட்ச்சாதான் ஒக்காரும் நைனா” என்றார்.

குமரன் விரலை நனைத்து ஒவ்வொரு பொட்டாகக் கரைத்தான். விரலில் வந்ததைத் துணியில் துடைக்காமல் நெற்றியில் இட்டுக்கொண்டான். டயரை மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, காற்றடித்ததும் ‘டப்’ என்று ஒரு சத்தம். கோடு சுற்றிலும் ஒரே உயரம்.

கடைக்குத் திரும்பினோம். அப்பா அவன் நெற்றியைப் பார்த்தார், பிறகு சக்கரத்தைப் பார்த்தார்.

“டயரு ஒக்காந்துட்டால?”

“உக்காந்துடுச்சுப்பா.”

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

போகிறவர்களுக்கு: கோட்டூர்புரம், அடையாறு, திருவான்மியூர் வழியாக ஈ.சி.ஆர். பிடியுங்கள். ஐந்து மணிக்குள் கிளம்பினால் வெயிலுக்கு முன் சேரலாம். திரும்பும்போது எதிர்காற்று படுத்தும், தண்ணீர் நிறைய வேண்டும். பையில் ஒரு துண்டு சோப்பு வையுங்கள். டயர் உட்காரவில்லையா, திருப்பி மாட்டிப் பார்க்காமல் புது டயர் வாங்காதீர்கள். ரிம்மின் உள்ளே ஒருமுறை விரலை ஓட்டிப் பாருங்கள். ஆயுத பூஜைக்கு முன்னால் டயரை மாட்டிவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

ஞாயிறு விடியுமுன் நாங்கள் கிளம்பும்போது அப்பா சந்தனக் கிண்ணத்தோடு கீழே இறங்கி வந்தார். யாரையும் கேட்டு அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. குனிந்து சக்கரத்தருகே போன கை பாதியில் நின்றது.

“எங்கல வைக்கணும், நீயே சொல்லு” என்றார்.

குமரன் ஹேண்டில்பாரைக் காட்டினான்.