ஓட்டைப் பீஸுக்கு ஒட்டிய அம்பு

விஜயராணிக்குத் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியன் பீஸில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், அந்த இடத்தில் ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தையல்காரருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஒன்பது வருஷமாக இதைத்தான் செய்கிறாள். அவளுக்கிருந்த ஒரே ஆடம்பரம் சினிமா. அதிலும் அவளுக்குப் பிடித்த ஒரு நடிகரின் படமென்றால் முதல் நாளே போய்விடுவாள்.

அவர் படம்தான் 2008இல் அவள் தலையில் கல்லைப் போட்டது. படத்தில் பனியன் கம்பெனிப் பெண்கள் வருகிறார்கள். பிரியாணி வாங்கித் தந்தால் போதும், யார் பைக்கிலும் ஏறிவிடுகிறார்கள். காமெடியாம்! தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. நாளெல்லாம் நின்று கால் வீங்குகிற பெண்களைப் பற்றி எழுத அந்தக் கதாசிரிய மகராசனுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

அடுத்த மாதமே, பூ வைக்க நாள் பார்த்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. மாப்பிள்ளையின் அம்மா தரகரிடம் சொன்னாளாம்: “பனியன் கம்பெனிப் பிள்ளை வேண்டாம்யா. அதான் படத்துலயே காட்டுதாங்கள்லா.”

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் விஜயராணி பிரவுசிங் சென்டருக்குப் போனாள். கடைக்காரர் சுப்பையன் தமிழில் தட்டச்சு செய்யச் சொல்லிக்கொடுத்தார். சினிமா ரசிகர்கள் கூடிப் பேசும் ஓர் இணையதளத்தில் ‘ராணி’ என்ற பெயரில் அந்தப் படத்தைக் கிழி கிழியென்று கிழித்தாள். பதிலுக்கு அங்கிருந்தவர்கள், போட்டி நடிகரின் ரசிகன் எவனோ பெண் பெயரில் எழுதுகிறான் என்றார்கள். முதல் நாள் டிக்கெட்டுக்கு வரிசையில் நசுங்கியவளைப் பார்த்து இந்தப் பேச்சு!

மூன்று மாதம் கழித்துச் சுப்பையனே கேட்டுவிட்டார்.

“ஏனுங்க அம்மிணி, படம் தியேட்டர உட்டே போயிருச்சுங்களே. இன்னுமா திட்டறீங்க?”

“நேத்து அம்பு ஒட்டிட்டேன்னு இன்னைக்கு வர்ற ஓட்டைப் பீஸ விட்டுருவனாண்ணே? சரியாத் தச்சு வர்ற வரைக்கும் ஒட்டத்தான் செய்வேன்.”



தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, அந்தத் தளத்தை நடத்துகிறவர் அவளுக்கு எழுதியிருந்தார். பிடிக்காவிட்டால் பார்க்காமல் இருக்கலாம், அதே படத்தை இன்னொரு முறை திட்டினால் தளத்தை விட்டே நீக்கிவிடுவோம் என்று கடைசி எச்சரிக்கை. அதற்குக் கீழேயே ரசிகர்களின் கொண்டாட்டம்: தீபாவளியன்று காலை பத்து மணிக்கு அதே படம் டிவியில் வருகிறது.

இந்த முறை விஜயராணி தன் முழுப் பெயரையும் எழுதினாள், செக்கிங் வேலையையும் எழுதினாள்.

“தீபாவளிக்கு நான் ஊருக்குப் போறேன். எங்க தெருவே அந்தப் படத்தைப் பார்க்கும். பக்கத்துல எங்கம்மா உக்காந்திருப்பா. டிவில போடுறத நிறுத்தச் சொல்லுங்க, நான் திட்டுறத நிறுத்துறேன்.”