அங்கியின் உள்பக்கம்

ஊர் வழிபாட்டுக்கூடத்துக் குருமார்களின் அங்கிகளை இருபது வருடமாக அந்தத் தையல்காரிதான் தைத்து வந்தாள். குளித்து, வணங்கிய பிறகுதான் அந்த வெள்ளைத் துணியில் கத்தரி வைப்பாள். முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து, அதே மாதிரி அங்கி வேண்டும், உள்பக்கம் முழுக்கப் பை வேண்டும் என்றபோது, "இத்தனை பை எதுக்கும்மா, குரு என்ன கண்டக்டரா?" என்று சிரித்துக்கொண்டே தைத்துக் கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து, வழிபாட்டுக்கூடத்துச் செயலாளர் செய்தித்தாளோடு வந்து நின்றார்.

"இது உன் தையல்தானே?"

படத்தில், அந்தப் பெண்ணுக்கு அவள் தைத்துக் கொடுத்த அங்கி ஒரு கண்காட்சி மண்டபத்தில் தொங்கியது. காமத்தையும் கடவுளையும் பற்றிய கண்காட்சியாம். தடைசெய்யச் சொல்லி வாசலில் கூட்டம் கத்துகிறதாம்.

"ஏமாத்தித் தைக்க வச்சுட்டாங்கன்னு நாளைக்குப் பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லிடு. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

தலையாட்டினாள். ஆனால் கண்ணால் பார்க்காமல் எப்படிப் பேசுவது? மத்தியானமே கிளம்பி, குனிந்த தலை நிமிராமல் கூட்டத்தைக் கடந்து உள்ளே போனாள்.

அங்கியை விரித்து மாட்டியிருந்தார்கள். பைக்கு ஒரு கடிதம். ஆணை விரும்பிய ஆண்களும் பெண்ணை விரும்பிய பெண்களும் பெயர் போடாமல் கடவுளுக்கு எழுதிக் கண்காட்சிக்கு அனுப்பியவை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். இரண்டைப் படித்து முகம் சுளித்தாள். மூன்றாவதைப் பிரித்தாள். இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. புள்ளிக்குப் பதில் குட்டிக் குட்டி வட்டம். அவள் கணவனின் கையெழுத்து.

'அவனை மறக்க வேண்டுமென்று இருபத்தைந்து வருடமாகக் கேட்கிறேன். என் மனைவி நல்லவள். அவளுக்கு நான் செய்தது அநியாயம். என்னை மாற்று. முடியாவிட்டால் மன்னித்துவிடு.'

எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கணவன் அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"கடவுளுக்குக் கடிதம் போட்டீங்களா?"

கையில் சட்டையோடு அவன் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"உன்கிட்ட சொல்ல வாய் வரல."

"அந்த அங்கியைத் தச்சது நான்."

அவன் விக்கி விக்கி அழுதான். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. இத்தனை வருடம் யாரோடு படுத்து எழுந்தோம் என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது.

மறுநாள் செயலாளர் பத்திரிகைக்காரர்களோடு வந்தார். திண்டாடித் திணறி, கடைசியில் அவள் வாயைத் திறந்தாள்.

"யாரும் என்னை ஏமாத்தல. பை கேட்டாங்க, வச்சுக் குடுத்தேன்."

அன்றோடு அங்கி தைக்கும் வேலை போயிற்று. பள்ளிச் சீருடைகள் தைக்கத் தொடங்கினாள். கணவன் படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டான். இருவருக்கும் பேச்சில்லை.

மூன்று மாதம் கழித்து, சாப்பிடும்போது அவளாகக் கேட்டாள்.

"அவர் இப்ப எங்க இருக்கார்?"

"தெரியல."

"உயிரோடயாவது இருக்காரா?"

"அதுவும் தெரியல" என்றான். அவள் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.