எதிர்வீட்டுக்காரரின் சூப் பாத்திரம்

பள்ளி நாள்களில் ஓவியப் போட்டி என்றால் முதல் பரிசு எனக்குத்தான். அந்தத் தலைக்கனத்தை மூட்டை கட்டிக்கொண்டுதான் மைசூரிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் போனேன், கலையும் வடிவமைப்பும் பண்பாடும் சேர்ந்த ஒரு முதுகலைப் படிப்புக்கு. மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் வரைந்த அரண்மனைப் படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். ரயில்வேயில் ஓய்வு பெற்ற அப்பா, வருகிற விருந்தாளியை அதன் முன்னால் நிறுத்திப் பாராட்டு வாங்காமல் காபி கொடுக்க விடமாட்டார்.

முதல் பருவத்தில் கொடுத்த வேலை, "உன் பண்பாட்டைக் காட்டு" என்பது. இதற்கு வெளிநாடு வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன். தசராவில் விளக்கு போட்ட அரண்மனை, அம்பாரி சுமந்த யானை, நாங்கள் தமிழர்கள் என்பதால் ஓரத்தில் ஒரு பெரிய கோலம். எல்லாவற்றையும் பளிச்சென்று வரைந்து சுவரில் மாட்டினேன். எங்கள் ஆசிரியை வெகுநேரம் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றார். பிறகு, "இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அறைக்குப் போய் அதே அரண்மனையை வேறு கோணத்தில் வரைந்துகொண்டு வந்தேன். அவர் அதே கேள்வியை இன்னும் இதமாகக் கேட்டார். அந்த ஊரில் குரல் இதமாக ஆக ஆக நிலைமை மோசமாகிறது என்பது அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. வசந்த காலத்தில் மதிப்பீடு. அதில் தேறாவிட்டால் இரண்டாம் ஆண்டு கிடையாது, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். அப்பா கூடத்துப் படத்தைக் கழற்றமாட்டார், ஆனால் யாரையும் அதன் முன்னால் நிறுத்தவும் மாட்டார்.

அந்தக் கவலையோடு காய்ச்சலும் வந்து சேர்ந்தது. நான் இருந்த பழைய கல் கட்டடத்தில் மாடிப்படியை ஒவ்வொரு வீட்டாரும் முறை வைத்துக் கழுவ வேண்டும். யார் முறையோ அவர்கள் கதவில் ஒரு சிறு அட்டை தொங்கும். அட்டை என் கதவிலேயே தொங்கியது, படி அழுக்காகவே இருந்தது. எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக வசிப்பவர். சண்டைக்குத்தான் வருகிறார் என்று போர்வையைச் சுற்றிக்கொண்டு திறந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அட்டையைக் கழற்றிக்கொண்டு போய்த் தன் கதவில் மாட்டிக்கொண்டார். மாலையில் நீல நிற எனாமல் பாத்திரம் நிறையப் பருப்பு சூப்போடு வந்தார். மிளகாயும் பெருங்காயமும் போட மறந்துபோன நம் ஊர்ப் பருப்புச் சாறுதான் அது. ஆனால் அதை அழுதுகொண்டே குடித்தேன்.

உடம்பு தேறியதும் அவருடைய பாத்திரத்தைத் தேய்த்து, அது நிறைய மைசூர்ப் புளிச்சோறான புளியோகரை கிளறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முகம் என்னவோபோல் ஆனது. மிளகாய்க்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். பொங்கல் வந்தபோது சர்க்கரைப் பொங்கல் வைத்து, என் எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அந்த டப்பா ஒரு பையில் என் கதவில் தொங்கியது. கண்ணாடி மாதிரி துலக்கியிருந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை.

வெறும் டப்பா! ஒரு ஆப்பிள்கூடவா கிடைக்கவில்லை அந்த மனுஷருக்கு? எனக்கு முகத்தில் அடித்தது போலிருந்தது. அம்மாவுக்கு போன் போட்டுப் புலம்பித் தீர்த்தேன். அம்மா தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். யாரைப் பற்றியும் சட்டென்று முடிவு கட்டமாட்டாள்.

"அவிய ஊருப் பழக்கம் எப்புடியோ, நமக்கென்ன கண்ணு தெரியும்? நீயா ஒண்ணு நெனச்சுக்கிட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. நேராப் போயிக் கேளு" என்றாள்.

கேட்டேன். மாடிப்படியில் வைத்துத்தான் கேட்டேன். அவரும் என்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தாராம். சூப் கொடுத்ததற்கு உடனே பாத்திரம் நிறையச் சோற்றைக் கொண்டுவந்துவிட்டேனே, தனக்குக் கடமைப்பட்டிருக்க எனக்கு அவ்வளவு கஷ்டமா என்று வருத்தப்பட்டிருக்கிறார். என்னை மேலும் சிரமப்படுத்த வேண்டாமென்றுதான் டப்பாவை நன்றாகக் கழுவி, பேசாமல் மாட்டிவிட்டுப் போனாராம். அவர் நான் கணக்கைத் தீர்த்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார், நான் அவர் உறவை முறித்துவிட்டார் என்று நினைத்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரமாட்டோம் என்று விளக்கினேன். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் தருவோம் என்றேன். அவர் யோசித்தார்.

"நீ போட்டுத் தந்தால் நானும் போட்டுத் தர வேண்டும். அப்படியென்றால் இது எப்போதுதான் முடியும்?"

"முடியாது. முடியக் கூடாது என்றுதான் இப்படிச் செய்கிறோம்."

இதைச் சொல்லும்வரை அது எனக்கே தெரியாது. விஜயநகரில் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்துக்கும் நடுவில் ஒரு காம்பவுண்ட் சுவர் உண்டு. அந்தப் பக்கமிருந்து ஹோளிகே என்கிற போளி வரும், இந்தப் பக்கமிருந்து அதிரசம் போகும். சங்கராந்தியன்று எள்ளும் வெல்லமும் ஏறி இறங்கும். எந்தப் பாத்திரம் யாருடையது என்பது இரண்டு வீட்டுக்கும் மறந்துவிட்டது. நான் கன்னடம் கற்றது பள்ளியில் அல்ல, அம்மா கொடுத்த தூக்குவாளியை அந்தச் சுவரின் மேல் வைத்துவிட்டு "தகொள்ளி, ஆன்டி" என்று, எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கத்தித்தான். அரண்மனையை நானும் எல்லோரையும் போல பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். அந்தச் சுவரருகில்தான் தினமும் நின்றிருக்கிறேன்.

மதிப்பீட்டுக்கு அந்தச் சுவரைத்தான் செய்தேன். அட்டையால் இடுப்பு உயரத்துக்கு ஒன்று, சிமெண்ட் பூச்சு உதிர்ந்த இடம்கூட அப்படியே. அதன் மேல் ஒன்றுமே வைக்கவில்லை. ஒரு வாரம் முன்பே வகுப்பு நண்பர்களுக்கும் ஆசிரியைக்கும் ஆளுக்கொரு பாத்திரத்தில் சோறு கொடுத்திருந்தேன். எங்கள் வழக்கத்தைச் சொல்லி, மதிப்பீட்டு நாளில் அதைச் சுவரின் மேல் கொண்டுவந்து வைக்கும்படி கேட்டிருந்தேன். அவர்கள் மறந்துவிட்டால் நான் காட்டுவதற்கு ஒரு மொட்டைச் சுவர்தான் மிஞ்சும். அன்று காலை அதன் பக்கத்தில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தார்கள். பிஸ்கட், ஊறுகாய், வேகவைத்த முட்டை. ஒருத்தி கழுவிய வெறும் டப்பாவோடு வந்து, என்ன போடுவதென்று தெரியவில்லை என்று தலைகுனிந்தாள். அவளை வைத்துத்தான் எல்லோரும் அதிகம் பேசினார்கள். ஆசிரியை தன் தோட்டத்துப் பழத்தில் கிண்டிய ஜாமைக் கொண்டுவந்திருந்தார். எதைப் போடுவதென்று அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றதாகச் சொன்னார். இந்த முறை நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்கவில்லை. நான் தேறினேன். அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன், கேட்டபோது மனசுக்குள் எவ்வளவு திட்டினேனோ அவ்வளவு நன்றியோடு.

இரண்டாம் ஆண்டு முழுக்க நீலப் பாத்திரமும் டப்பாவும் மாடிப்படியின் குறுக்கே போய்வந்துகொண்டிருந்தன. அவர் சூப்பில் மெல்ல மிளகு சேர்ந்தது, என் ரசத்தில் மெல்ல மிளகாய் குறைந்தது. நான் கிளம்புகிற நாளில் அவருடைய பாத்திரம் என்னிடம் இருந்தது. சமையலறையைத் துடைத்து ஒழித்தாகிவிட்டது, ஒரு கை சர்க்கரைகூட இல்லை. கீழே டாக்ஸி நிற்கிறது. வெறும் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அதை என் பக்கமே மெல்லத் தள்ளினார். "அப்படியானால் இப்போது தராதே" என்றார்.

மைசூரில் பெட்டியைத் திறந்ததும் அம்மா திடுக்கிட்டுப் போனாள். அடுத்த வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேனா என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் அந்தப் பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முந்தானையால் துடைத்தாள், சமையலறை அலமாரியில் எடுக்க வசதியாக முன்னால் வைத்தாள்.

"அப்ப இன்னும் முடியலீன்னு சொல்லு" என்றாள்.