உப்புப் போட்ட ஐஸ்

வியாழக்கிழமைதோறும் காலையில் என் கையிலிருந்து இரத்தம் எடுத்துக்கொண்டு ஒரு பழமும் பால் சேர்க்காத கட்டன்சாயாவும் தருவார்கள். திருவனந்தபுரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் இதுவும் என் வேலை. மற்ற நாளெல்லாம் ஐஸ் சுமக்கிறேன். ஊரில் நீங்களெல்லாம் நான் சர்க்கார் உத்தியோகம் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்கிறீர்கள். பதினோரு வருடமாக நான் தினக்கூலி.

இரத்தம் எதற்கென்று கூடத்தின் தலைவியான மேடம் ஒருமுறை விளக்கினார். நோயை எதிர்க்கும் வெள்ளை அணுவை அந்நியமான ஒன்று தொட்டதும், அணுவுக்குள் புரதத்தின் மேல் பாஸ்பேட் என்ற சிறு துணுக்கு ஒட்டுகிறது. உள்ளே சேதி போவது அப்படித்தான். ஒட்டியதைக் கழற்றிவிடவும் உள்ளேயே ஆள் உண்டு. எல்லாம் ஓரிரு நிமிடம். அதனால் சொன்ன நொடியில் குழாய்களை ஐஸில் புதைக்க வேண்டும். ஒட்டியது ஒட்டியபடி நிற்கும்.

என்னை நிரந்தரமாக்கக் கோரும் கடிதம் மேடத்தின் கையெழுத்துக்குக் காத்திருந்த வாரம், கரண்ட் போனது. ஐஸ் உருகத் தொடங்கியது. குளச்சலில் மீன் கம்பெனியில் நின்ற காலத்தில் ஐஸில் கல்லுப்பு போட்டுத்தான் குளிர் ஏற்றுவோம். கேன்டீனில் வாங்கிவந்து தூவினேன். ஆராய்ச்சி மாணவன் சசி பெட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

“அண்ணாச்சி, கொள்ளாமல்லோ. நல்ல தணுப்பு,” என்று குளிரை மெச்சினான்.

குளிர் அளவுக்கு மேல் ஏறிவிட்டது. அணுக்கள் உறைந்து வெடித்தன. ஒட்டியிருந்ததெல்லாம் கழன்றுபோக, அதைக் காட்டும் பிலிமில் வரவேண்டிய கறுப்புக் கோடுகள் வரவில்லை.

“ஆரு பறஞ்ஞிட்டா உப்பிட்டது?” என்றார் மேடம், யார் சொல்லி உப்புப் போட்டதென்று.

“எனிக்கறியில்ல மேடம். அண்ணாச்சி மீன் கம்பெனியில நின்ன ஆளல்லே,” என்று தனக்குத் தெரியாதென கைகழுவினான் சசி. இரண்டு பேர் சிரித்தார்கள். அவனும் பார்த்தான் என்று நான் சொல்லவில்லை. என் வாய் அப்படி.

“ஒரு வார்த்த சொன்னா நாக்கு வெந்தா போயிரும்?” என்று வீட்டில் மனைவி கேட்டாள். கடிதம் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. அடுத்த வியாழன் சசி ஊசியோடு வந்தான். சட்டைக் கையை மடக்கிவிட்டேன். அந்த முறை கோடுகள் நன்றாக விழுந்தன. பிலிமின் ஓரத்தில் என் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘நார்மல்’, அதாவது நோயில்லாத ஆள், என்று எழுதினான்.

இன்று காலை கேட்டில் புதிய காவலாளி மறித்தார். “பாஸ் எவிடே?” தினக்கூலிப் பாஸ் நேற்றோடு முடிந்திருந்தது. ஆபீஸ் திறக்கும்வரை மழையில் நின்றேன். போன வாரத்து என் இரத்தம் உள்ளே பிரீசரில் பத்திரமாக இருந்தது. அதனிடம் யாரும் பாஸ் கேட்பதில்லை.