மதியத் தூக்கத்தில் வந்த வாசனை

என் அக்காவுக்கு மூக்குதான் பிழைப்பு. பேக்கரியில் அடுப்பைத் திறக்காமலேயே, "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்றோ, "சீக்கிரம் எடு, கருகப் போகுது" என்றோ சொல்லிவிடுவாள். அந்த அடுப்புக்குக் கண்ணாடிக் கதவும் உண்டு, நேரம் வந்தால் அடிக்கிற மணியும் உண்டு. முதலாளி இரண்டையும் நம்பமாட்டார், அக்காவைத்தான் நம்புவார்.

போன வருடம் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அந்த மூக்கையும் கொண்டுபோய்விட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார். வேலைக்கு ஆபத்தில்லை, மணியைக் கேட்டு ரொட்டி எடுத்தாள். ஆனால் சாப்பாட்டில்தான், "அட்டையைத் திங்கிற மாதிரி இருக்கு" என்று பாதித் தட்டோடு எழுந்துவிடுவாள்.

ஒரு நாள் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வந்தாள். "அடியே, கனவுல ஏதோ வாசனை வந்துச்சுடி! என்னன்னு பாக்கிறதுக்குள்ள முழிச்சுட்டேன். ரொட்டியாத்தான் இருக்கும்."

அன்று பிடித்தது பைத்தியம். விழித்தபடியே நேராகக் கனவுக்குள் நுழையலாம் என்று மொபைலில் யாரோ பேசியதைக் கேட்டாள். மறுநாளிலிருந்து, விடிவதற்கு முன் வேலைக்குப் போய் மதியம் திரும்புகிற அந்த உடம்பை மல்லாத்திப் போட்டுப் பயிற்சி. அசையக் கூடாது. அரித்தாலும் சொறியக் கூடாது. உடம்பைத் தூங்க அனுப்பிவிட்டு ஆள் மட்டும் விழித்திருக்க வேண்டும். அதற்காக மனதுக்குள் தட்டில் பன் அடுக்குவாள். 'இது ஒண்ணு, நான் முழிச்சிருக்கேன். இது ரெண்டு, நான் முழிச்சிருக்கேன்.' ஆரம்பத்தில் தட்டு நிறைவதற்குள் குறட்டை கேட்கும். பிறகு காதில் ரீங்காரம் வந்தது, கைகால் கல்லாகக் கனத்தது. அலறி எழுந்தாள். போகப் போக அந்தப் பயமும் பழகிவிட்டது.

பழகாதவர் அத்தான்தான். அவர் பைக் மெக்கானிக், வீட்டுக்குக் கீழேயே கடை. மாடிக்கு வந்தால் மனைவி கட்டையாகக் கிடப்பாள். மனுஷருக்குப் பாதி உயிர் போய்விடும். மூக்கின் அடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பார். விரல் பட்டதும், கனவின் வாசல்வரை போனவள் திரும்பி வந்துவிடுவாள்.

"செத்துட்டேனான்னு தினமும் பாக்கணுமா?"

"பாக்கலேன்னா எனக்கு வேலை ஓட மாட்டேங்குது, நான் என்ன பண்ண?"

இந்தச் சண்டையில் நடுவில் மாட்டிக்கொண்டது நான். விரலை நீட்டலாம், தொடக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னேன். இருவரும் முறைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள்.

அதன்பிறகு ஒரு நாள் நான் அவள் அருகில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு எஞ்சினைப் பாதியில் பிரித்துப் போட்டுவிட்டு அத்தான் ஓடி வந்தார். கையெல்லாம் கறுப்பு. கிரீஸ் நாற்றத்தோடு அறைக்குள் வரக் கூடாது என்பது கல்யாணமான நாளிலிருந்து அக்கா போட்ட சட்டம். பதற்றத்தில் அதை மறந்து, தொடாமல் விரலை நீட்டிக்கொண்டு நின்றார். மூடிய இமைக்குள் அவள் கண் உருண்டது. கண்ணோரம் நீர் வழிந்தது.

விழித்ததும் சொன்னாள். "போயிட்டேன்டி! கனவுன்னு தெரிஞ்சுகிட்டே நடந்தேன். நம்ம பேக்கரிதான். அடுப்பைத் திறந்தேன், ரொட்டி தங்கமா இருக்கு. மூஞ்சிய உள்ள விட்டுப் பாத்தேன், ஒண்ணுமே வரல. அழுகையா வந்துச்சு. அப்பப் பின்னாலேர்ந்து கிரீஸும் பெட்ரோலுமா ஒரு வாசனை. அப்படியே இவரு!"

சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள். "கை கழுவலையா?"

அத்தான் திருடனைப் போலக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அவள் அதைப் பிடித்து இழுத்து முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். ஒன்றுமில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

அந்தக் கறுப்புக் கையை விடாமலே அக்கா சொன்னாள்:

"நாளைக்கும் கழுவாம வாங்க."