உப்புத் தோட்டா

தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் அசையவில்லை. மவ்ரா பங்காகிர், துப்பாக்கியை முழங்காலில் கிடத்தி, உள்ளங்கையால் போல்ட்டின் பிடியை மேல்நோக்கிக் குத்தினாள். இன்னொரு முறை குத்தினாள். கையில் தோல் உரிந்ததுதான் மிச்சம். இரும்பு இம்மியும் நகரவில்லை.

அன்று விடிகாலையில் கன்றைப் பறிகொடுத்த தாய்ப் பனிமான் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து முனகிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரைச் சரிவில் கரடியின் தடம் இருந்தது. மவ்ராவின் பாதத்தைப்போல் ஒன்றரை மடங்கு. பனிக்காட்டில் மான் மேய்க்கும் ஏவன்கி ஆட்கள் அதைக் கரடி என்று சொல்லமாட்டார்கள், தாத்தா என்பார்கள். குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்து குழியை விட்டு எழுந்த தாத்தாவுக்குப் பிறந்து இரண்டு நாளான பனிமான் கன்றைவிட மெத்தென்ற சாப்பாடு எங்கே கிடைக்கும்? ருசி கண்டுவிட்டது. இனி தினமும் வரும்.

தாய்மான்கள் பதினேழு. கூட்டுப்பண்ணை இருந்த காலத்தில் இதே ஆற்றோரம் அறுநூறு மான்களை மேய்த்தார்கள். அப்போது மவ்ராவுக்கு அரசாங்கப் பதிவேட்டில் 'கூடாரப் பணியாளர்' என்று உத்தியோகம். சமைக்க, தைக்க என்று எழுதியிருக்கும். விறகு வெட்டியது, வலை போட்டது, வழிதவறிய மானைத் தேடி மூன்று நாள் அலைந்தது எல்லாம் அதில் எந்த வரியில் வரும் என்று அவள் பண்ணைக் கணக்கரிடமே கேட்டிருக்கிறாள். வாய் அப்படி. பண்ணை கலைந்து மூன்று வருடமாகிறது. ஆளாளுக்குப் பிரித்ததில் தேறியது இந்தப் பதினேழு. இந்த மே மாதத்துக் கன்றுகளும் போய்விட்டால் கிராமத்துக்குப் போய், விடுதியில் படிக்கும் மகளின் கண்முன்னால் யார் வீட்டு வாசலிலாவது நிற்க வேண்டியதுதான்.

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குள் போனாள். கெராசிம் மான்தோலில் படுத்திருந்தான். முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் மரச்சிம்பு வைத்துக் கட்டியிருந்தது. ஏப்ரலில் சறுக்குவண்டி கவிழ்ந்து முறிந்த கால். ஹெலிகாப்டர் கேட்டு வரப் போன அவன் தம்பி இன்னொகெந்தி இன்னும் திரும்பவில்லை. இடையில் ஆற்றை மூடியிருந்த பனிக்கட்டி உடைந்துவிட்டது, இனி வெள்ளம் வடியாமல் அவனால் வரவும் முடியாது.

"போல்ட் இறுகிப்போச்சு," என்றாள். "மார்ச்ல கடமான் சுட்டியே, அப்புறம் இதைக் கழுவுனியா இல்லையா?"

"கழுவுனேன்னு அப்பவே சொன்னேன்ல."

"வெந்நீர் ஊத்தி?"

"பின்ன எச்சியத் துப்பியா கழுவுவாங்க? வெந்நீர்தான்."

போன இலையுதிர் காலத்தில் கடையில் வேட்டைத் தோட்டா இல்லை. கடைக்காரன் போர்க்காலத்துத் தகர டப்பா ஒன்றை உடைத்து எண்ணிக் கொடுத்தான். கொடுக்கும்போதே சொன்னான்: "இது பழைய பட்டாளத்துச் சரக்கு. இதோட மருந்து எரிஞ்சா குழலுக்குள்ள உப்பு தங்கும். எண்ணெய் போட்டுத் துடைச்சா போதாது, உப்பு எண்ணெயில கரையாது. வெந்நீர் ஊத்திக் கழுவிட்டு அப்புறமா எண்ணெய் போடு." கெராசிம் தலையாட்டினான். மவ்ராவும் பக்கத்தில் நின்று கேட்டாள்.

ஆனால் கடும்பனியில் துப்பாக்கியைக் கூடாரத்துக்குள் கொண்டுவர மாட்டார்கள். கொண்டுவந்தால் சூட்டுக்கு இரும்பு முழுக்க வியர்த்துவிடும், வெளியே எடுத்துப் போனதும் அந்த வியர்வை உறைந்து அடைத்துக்கொள்ளும். அதனால் துப்பாக்கி தோலுறைக்குள் வெளியே பரணில்தான் கிடக்கும். பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். அந்தக் குளிரில் உப்பும் சும்மா கிடக்கும். காற்றில் ஈரமே இராது. பனி உருகும் நாளில்தான் அது கண் திறக்கும், காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு இரும்பைத் தின்னும்.

"கழுவியிருந்தா எப்படி இறுகும்?" என்றாள்.

கெராசிம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "உறையை யாரு கட்டுனா? நீதான. வாயைச் சரியா மூடாம விட்டிருப்ப. இல்லேன்னா சாமான் எறக்கும்போது அதைத் தாண்டியிருப்ப. பொம்பள தாண்டுன துப்பாக்கி வெளங்குமா?"

மவ்ராவுக்குச் சுருக்கென்றது. ஏப்ரலில் இவனை வண்டியோடு இழுத்துவந்த அன்று, பரணிலிருந்து எல்லாவற்றையும் பனியில் தள்ளித்தான் அவனுக்குப் போர்த்தத் தோல் தேடினாள். உறையும் கீழே கிடந்தது. தாண்டினாளா? சத்தியமாக நினைவில்லை. புருஷன் அலறிக்கொண்டிருக்கும்போது காலடியை யார் பார்த்தார்கள்?

தகர அடுப்பில் கெட்டிலை ஏற்றினாள். முதல் கெட்டிலைப் போல்ட்டின் மேலேயே ஊற்றினாள். விளக்கிலிருந்த மண்ணெண்ணெயைச் சந்துகளில் விட்டு, விறகுக்கட்டையால் தட்டிக்கொண்டே இருந்தாள். மதியம்வரை தட்டினாள். கடைசியில் கிரீச்சென்று கத்திக்கொண்டு திறந்தது. அதை உருவி எடுத்துவிட்டு, குழலின் வாயைச் சட்டிக்குள் தலைகீழாக நிறுத்தி, பூர்ச்ச மரப்பட்டையைச் சுருட்டிப் புனலாக்கிப் பின்பக்கம் வழியாக வெந்நீர் ஊற்றினாள். சட்டியில் விழுந்த தண்ணீர் செக்கச்செவேலென்று இருந்தது. சோப்பைச் சீவிப் போட்டு இன்னொரு கெட்டில். அப்புறம் இன்னொன்று. குழல் கையைச் சுட்டது, விடவில்லை. கெராசிமின் சட்டையைக் கிழித்துக் கம்பியில் சுற்றி உள்ளே செலுத்தினாள், துணி துருவாக வந்தது. சாம்பலையும் கொழுப்பையும் குழைத்துத் தேய்த்தாள். ஏழாவது கெட்டிலில்தான் தண்ணீர் தண்ணீராக வந்தது.

"உப்பு போயிருக்கும். எண்ணெய் போடு," என்றான் கெராசிம். இவ்வளவு நேரமும் அவன் அந்தச் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

உப்பு போயிற்று. அது தின்றது திரும்ப வருமா? குழலைக் கூடார வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். குண்டைச் சுழற்றி நேராக அனுப்ப, பளபளவென்று சுழன்று போக வேண்டிய வரிகள் அரித்துப்போய், உள்ளே முழுக்கக் குழி குழியாக இருந்தது. வாய்ப்பக்கம் வரியே இல்லை. மவ்ரா துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கெராசிம் பார்க்கிறான் என்று தெரிந்தும் அழுதாள்.

தோட்டா நான்கு இருந்தது. ஒன்றைச் செலவழித்துத்தான் ஆகவேண்டும். ஒரு மரத்தில் கோடரியால் வெட்டுக்குறி போட்டு, ஐம்பது அடி தள்ளி நின்று சுட்டாள். குண்டு குறிக்கு ஒரு கை தள்ளிப் போய், பட்டையில் விரல்நீளத்துக்குக் கீறலாக நுழைந்திருந்தது. நேராகப் பறக்காமல் படுத்துக்கொண்டே போயிருக்கிறது. அதைவிட மோசம், சுட்ட தோட்டாவின் காலிக் கூடு உள்ளே சிக்கிக்கொண்டது. குழி விழுந்த இரும்பு பித்தளையைக் கவ்விக்கொண்டுவிட்டது. கோடரியின் பின்பக்கத்தால் போல்ட்டை அடித்து அடித்துத்தான் அதை வெளியே எடுக்க முடிந்தது.

"பத்துப் பன்னெண்டு அடிக்குள்ள போனாத்தான் படும்," என்றாள் உள்ளே வந்து. "அதுவும் ஒரு குண்டுதான். ரெண்டாவதுக்குத் தாத்தா நேரம் குடுக்க மாட்டாரு."

"போகாத."

"கன்னுக்குட்டிங்கள நீ போய்க் காப்பாத்துறியா?"

"போனா போகுது மவ்ரா. மான் போனா போகுது." அவன் குரல் உடைந்தது. அவனை அப்படி அவள் பார்த்ததில்லை. பண்ணை மேய்ப்பர்களிலேயே குறி தப்பாதவன் என்று பேர் வாங்கினவன், நாக்கிலும் திமிருக்குக் குறைவில்லை. கால் முறிந்ததில் ஆளே உடைந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் தாண்டித்தான் கெட்டுதுன்னா நான்தான போகணும்," என்றாள்.

அவள் கோடரியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

மேட்டைத் தாண்டி, ஓடையோரம் கன்றின் மிச்சத்தைக் கரடி பாசியால் மூடி வைத்திருந்தது. திரும்பி வரும் என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம். காற்று எதிர்ப்பக்கமிருந்து வீசியது. விழுந்து கிடந்த லார்ச் மரத்தின் பின்னால், அந்தப் பாசிக் குவியலிலிருந்து பன்னிரண்டு அடியில், ஈரப்பாசியில் குப்புறப் படுத்தாள். வயிறும் தொடையும் மரத்துப்போயின. பயமாக இருந்தது. எழுந்து போய்விடு, கிராமத்தில் பிச்சை எடுத்தாலும் உயிரோடு எடுக்கலாம் என்று மனசு சொன்னது. மகள் முகம் வந்தது. படுத்தே கிடந்தாள்.

சாயங்காலம் சூரியன் இன்னும் உயரத்தில் இருக்கும்போதே தாத்தா வந்தார். மெலிந்து, தோல் தொங்கிப்போய், முதுகில் உரோமம் திட்டுத்திட்டாக உதிர்ந்து. பாசியைப் புரட்டப் பக்கவாட்டில் திரும்பியது. முன்காலுக்குப் பின்னால் குறிவைத்துச் சுட்டாள்.

கரடி உட்கார்ந்தது. பிறகு எழுந்து, சத்தம் வந்த பக்கம் திரும்பி நடந்தது.

போல்ட் சிக்கிக்கொண்டது. மவ்ரா நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் கை ஓடாது. துப்பாக்கியை மரத்தில் அழுத்திக்கொண்டு கோடரியால் அடித்தாள். அடித்தாள். அம்மா அம்மா என்று சொல்லிக்கொண்டே அடித்தாள். கூடு தெறித்து விழுந்தது, அடுத்த தோட்டாவைத் திணித்து மூடி, அப்புறம்தான் தலையைத் தூக்கினாள். நான்கு அடி தள்ளி, முகத்தைப் பாசிக்குள் புதைத்துக்கொண்டு அது கிடந்தது. மூச்சு இல்லை.

செத்த தாத்தாவிடம், உன்னைக் கொன்றது நான் இல்லை, காக்கை என்று சொல்லவேண்டும். அதுதான் முறை. மவ்ரா சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. இன்னொருத்தர் தலையில் போட இன்று அவளுக்கு மனசில்லை. "நான்தான் தாத்தா," என்றாள். "கோவிச்சுக்காத. நீயும் பசியில இருந்த, நானும் பசியில இருக்கேன்." கோடரியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள்.

மேட்டிலிருந்து இறங்கும்போதே தெரிந்தது. கூடாரத்துக்கும் மேட்டுக்கும் நடுவில், உருகிய பனிச்சேற்றில் ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. கெராசிம். இருநூறு அடி முழங்கையாலேயே வந்திருக்கிறான். வாயில் கத்தி கவ்வியிருந்தான். அவளைப் பார்த்ததும் கத்தி விழுந்தது.

"ஒண்ணுதான் கேட்டுச்சு," என்றான். "ரெண்டாவது கேக்கவே இல்ல. போயிட்டன்னு நெனச்சேன்."

"ஒண்ணுலயே விழுந்துட்டாரு. நீ ஏன்யா வந்த, கத்திய வச்சு என்ன பண்ணப் போற?"

"நான் கழுவல மவ்ரா."

அவள் நின்றாள்.

"மார்ச்ல நான் கழுவல. அந்தக் குளிர்ல யாரு அதை உள்ள கொண்டாந்து கழுவுறது, பனி உருகுறப்ப பாத்துக்கலாம்னு விட்டேன். நீ கேட்டப்ப சும்மா கழுவிட்டேன்னு சொல்லிட்டேன். அப்புறம் காலு போச்சு. பனி உருக ஆரம்பிச்சப்ப கூடாரத்து மேல சொட்டுச் சொட்டா விழுந்துச்சு, ராத்திரியும் பகலும் அதைக் கேட்டுக்கிட்டேதான் கெடந்தேன். அங்க துரு ஏறுதுன்னு எனக்குத் தெரியும். கழுவிட்டேன்னு சொன்ன வாயால எப்படி மாத்திச் சொல்றது?"

"நான் தாண்டுனேன்னு சொன்னியே."

கெராசிம் சேற்றில் முகத்தை வைத்துக்கொண்டான்.

"ஒரு கெட்டில் தண்ணிய்யா," என்றாள் மவ்ரா. அவளுக்கே தன் குரல் அடையாளம் தெரியவில்லை. "பனி உருகுன அன்னிக்கு வாயைத் தொறந்திருந்தா ஒரு கெட்டில் தண்ணியோட போயிருக்கும். உன் வீம்புக்கு என்னைக் கொண்டுபோய் அது வாயில குடுத்தியே."

அவனை எட்டி உதைக்கவேண்டும்போல் இருந்தது. அப்போதுதான் காலைக் கவனித்தாள். சிம்பு அவிழ்ந்து பின்னால் இழுபட்டுக் கிடந்தது. ஒரு மாதமாகக் கூடிவந்த எலும்பு, முழங்காலுக்குக் கீழே மறுபடி விட்டுப்போய்ப் பாதம் தனியாகத் திரும்பியிருந்தது. ஆறு வடியாமல் யாரும் வரப்போவதில்லை.

மவ்ரா குனிந்து, அவன் கைகளைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டு முதுகில் ஏற்றிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வந்தான். "பேசாத," என்றாள். ஒவ்வொரு அடிக்கும் அவன் வலி தாங்காமல் கத்தினான். கத்தட்டும் என்று நடந்தாள்.